லென்ஸின் நிறமும் அரிச்சல்முனையின் வெளிச்சமும்

வணக்கம் ஐயா,

நான் கீழக்கரையில் பத்து ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படங்கள் எடுத்து வருகிறேன். மாமாவின் ஸ்டூடியோவிலிருந்து எனக்கு வந்த, 1960களின் இறுதியில் வாங்கப்பட்ட 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும், சென்ற ஆண்டு வாங்கிய புதிய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் என்னிடம் உள்ளன. சென்ற மாதம் ஒரு புதுமணத் தம்பதியை மாலையில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அழைத்துச் சென்று, ஒரே கேமராவில் இரண்டு லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் பொருத்திப் படம் எடுத்தேன். பழைய லென்ஸில் மணல் தேன் நிறமாக இருக்கிறது. மணமகளின் சிவப்புச் சேலை வெளிறிப்போயிருக்கிறது. புதியதில் மணல் வெண்மையாகவும் சேலை அழுத்தமாகவும் வந்திருக்கின்றன. ஆல்பத்தில் அடுத்தடுத்து வைத்தால் வேறு வேறு நாட்களில் எடுத்தவைபோல் தெரிகின்றன. ஜெர்மன் லென்ஸ்களுக்கு ஒரு நிறம், ஜப்பான் லென்ஸ்களுக்கு வேறு நிறம் என்றும், எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கிவிட்டால் தொல்லை தீரும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். இருப்பதை விற்றுவிட்டு அப்படி வாங்கலாமா? லென்ஸுக்கு உண்மையிலேயே தனி நிறம் உண்டா? கடல் நன்றாக வருவதற்கு, பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்குவது பயன் தருமா?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸுக்குத் தனி நிறம் உண்டு. உங்கள் மணல் தேன் நிறமானதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் சேலை வெளிறியதற்கு அது காரணம் அல்ல. இவை இரண்டு வேறு நோய்கள், மருந்தும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதியே நம் ஊர்ப் புகைப்படக்காரர்கள் பலர் நல்ல லென்ஸ்களை விற்றிருக்கிறார்கள். நானும் அப்படி ஒன்றை விற்றவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். கண்ணாடி எல்லா வண்ண ஒளியையும் ஒரே அளவில் கடத்துவதில்லை. ஒளியை அதிகம் வளைக்கும் அடர்ந்த கண்ணாடி வகைகள் ஊதாவையும் நீலத்தின் கடைசிப் பகுதியையும் சிறிது விழுங்கிவிடுவதால், அவற்றின் வழியே வரும் ஒளி மெல்லிய மஞ்சள் சாயல் கொள்கிறது. உங்கள் பழைய லென்ஸின் காலத்தில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அன்று சில லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் ஆக்ஸைடு சேர்த்தார்கள். ஒளியை நன்கு வளைத்தாலும் வண்ணங்களைக் குறைவாகவே பிரிக்கும் கண்ணாடி அதனால் கிடைத்தது. ஆனால் தோரியத்தின் கதிரியக்கம் பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடியையே மஞ்சளாக்கி, பிறகு பழுப்பாக்குகிறது. பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. உங்களுடையதும் அந்த வகையா என்று அறிய, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, லென்ஸை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, அதன் வழியே தாளைப் பாருங்கள். தாள் வெளிர் தேநீர் நிறத்தில் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான்.

அதைப் போக்க வழி உண்டு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் அந்தப் பழுப்பைக் கரைக்கும். சில வாரங்கள் வெயில் காட்டினால் பெரும்பகுதி தெளிந்துவிடும். ஆனால் லென்ஸ் என்பது ஒரு பூதக்கண்ணாடி. பின்புறத்தை அலுமினியத் தாளால் முழுவதும் மூடாமல் வெயிலில் வைத்தால், நம் பக்கத்து ஓலைக் கூரையும் பனைநார்க் கட்டிலும் தீப்பிடிக்க நேரம் ஆகாது. நம் சித்திரை வெயிலின் சூட்டில் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் படியவும் கூடும். எனவே காலை வெயிலே போதும்.

நிறத்துக்கு இன்னொரு காரணம் கோட்டிங், அதாவது கண்ணாடியின் மேல் இடும் மெல்லிய பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதிகளாக அடுக்கிய சாதாரண 50 மி.மீ. லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சு இல்லையென்றால் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான ஒளி நேர்வழியில் சென்சாரை அடையாது. 1935இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா மெல்லிய பூச்சு ஒன்றால் இந்த இழப்பைக் குறைத்தார். ஒற்றைப் பூச்சு ஒளிப்பட்டையின் நடுவிலுள்ள பச்சையை நன்றாகக் கடத்தி, இரு முனைகளிலுள்ள சிவப்பையும் ஊதாவையும் ஓரளவு திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் பழைய லென்ஸின் முகத்தில் கத்தரிப்பூ நிறம் மின்னுகிறது. முகத்தில் எந்த நிறம் மின்னுகிறதோ, அது அந்த அளவுக்குப் படத்தில் குறைகிறது.

உங்கள் நண்பர்கள் சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. நேராகத் திரையில் வீசிப் பார்க்கும் ஸ்லைடு ஃபிலிம் காலத்தில், எடுத்த நிறத்தைப் பிறகு திருத்துவது எளிதல்ல. ஒரே ரோலில் லென்ஸை மாற்றினால் வேறுபாடு திரையில் அப்படியே தெரியும். ஆகவே நிறுவனங்கள் தம் லென்ஸ்களின் சாயலை ஒன்றோடொன்று பொருந்தும்படி பூச்சுகளால் சரிசெய்தன. லென்ஸின் சாயலை நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றுக்கான மூன்று எண்களால் குறிக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ 6728 என்ற சர்வதேசத் தரமே உண்டு. அன்று ஒரே நிறுவனத்தின் லென்ஸ்களை வாங்கச் சொன்னது நல்ல அறிவுரை. இன்று அந்தத் தேவை பெருமளவு நீங்கிவிட்டது. ஏன் நீங்கியது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

லென்ஸின் சாயல் ஒரு பெருக்கல் கணக்கு. பழைய லென்ஸ் நீலத்தில் பத்து சதவீதத்தை விழுங்குகிறது என்றால், மணலிலும் சேலையிலும் முகத்திலும் அதே விகிதத்தில்தான் விழுங்கும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வண்ணங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸ் என்பதும் ஒரு பெருக்கல்தான். கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நீலத்தை அந்த விகிதத்தில் உயர்த்தினால் சாயல் நீங்கிவிடும். சேலை வெளிறியதோ கூட்டல் கணக்கு. அந்தச் சேலையிலிருந்து சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30 என்ற அளவில் ஒளி வருவதாகக் கொள்வோம். லென்ஸுக்குள் சிதறிய அந்நிய ஒளி மூன்றிலும் 20 கூட்டுகிறது என்றால் அவை 220, 60, 50 ஆகின்றன. பச்சையைப்போல் ஐந்து மடங்கு இருந்த சிவப்பு, இப்போது நான்கு மடங்குகூட இல்லை. சேலை வெளிறிவிட்டது. வெண்மணலில் மூன்று வண்ணங்களும் ஏற்கெனவே 200ஐத் தாண்டி இருப்பதால், அங்கே 20 கூடியது கண்ணுக்கே தெரியாது. எந்த ஒயிட் பேலன்ஸாலும் இதைத் திருப்ப முடியாது. மென்பொருளில் கருமையை இறக்கினால் ஓரளவு கழிக்கலாம். ஆனால் சிதறல் படம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பதால், ஒரு மூலையைச் சரிசெய்தால் மற்றொரு மூலை இருண்டுபோகும்.

இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை, காலடியில் வெண்மணல், மேலே மறைப்பே இல்லாத வானம். நம்மவர்கள் ஆண்கடல், பெண்கடல் என்று பிரித்துச் சொல்லும் அந்த இரண்டு நீர்ப்பரப்புகளும் இரண்டு பக்கமும் ஒளியைத் திருப்பி வீசுகின்றன. நீங்கள் எடுக்கும் சட்டகத்துக்கு வெளியிலிருந்து லென்ஸின் முகத்தில் விழும் ஒளி, சட்டகத்துக்குள்ளிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம். இராமநாதபுரம் அரண்மனைத் தெருவில் கட்டடங்கள் அந்த ஒளியை மறைத்துவிடுகின்றன. அதனால் அதே பழைய லென்ஸ் அங்கே சேலையின் சிவப்பைக் குறையில்லாமல் தரும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயச் சுவர்களின் நிழலுக்குள் தம்பதியை நிறுத்தி, நீங்களும் சுவரோரமாக நின்று எடுங்கள். நிறம் திரும்பிவருவதைத் திரையிலேயே காண்பீர்கள். இந்தக் கரையில் லென்ஸின் நிறம் என்று நாம் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி இந்தச் சிதறல்தான் என்பது, இத்தனை ஆண்டுகள் இங்கே படமெடுத்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

சிதறலைப் பெருக்குவதும் நம் காற்றே. உப்புத் துவலை ஒரு மாலையிலேயே முன்கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. அதை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலைப் போக்கி, பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த லென்ஸில் உட்கண்ணாடிகளிலும் படலம் இருக்கும், பூஞ்சையும் இருக்கலாம். இரவில் அறையை இருட்டாக்கி, பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து, முன்புறமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். பனிமூட்டம்போல் வெண்மை தெரிந்தால், சேலையை வெளுக்கச் செய்தது அதுதான்.

நான் விற்ற லென்ஸில் அந்தக் குறைகூட இல்லை. தேவிபட்டினம் கடற்கரையில் எடுத்த படங்களெல்லாம் சாயம்போன துணிபோல் இருந்ததால், லென்ஸே மட்டம் என்று முடிவுகட்டி விற்றேன். அதன்மேல் நான்கு ஆண்டுகளாக மாட்டியிருந்த மலிவான பூச்சில்லாத ஃபில்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதையே புதிய லென்ஸிலும் மாட்டினேன். அதே வெளிறல் மறுநாளே திரும்பி வந்தபோதுதான், இரண்டு வெறுங்கண்ணாடிப் பரப்புகளை முகப்பில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததைக் குற்றம் சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. அந்த லென்ஸை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஒப்பீட்டிலும் ஒரு குறை இருந்திருக்கக்கூடும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால், மணலும் கடலும் சட்டகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதற்கேற்ப கேமராவே நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும். மாலைக் கடைசி அரைமணி நேரத்தில் வெயிலின் நிறமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்தி, இரண்டு லென்ஸ்களையும் எஃப் 5.6இல் வைத்து, ஒரு சாம்பல் நிற அட்டையை ரா கோப்பாக எடுங்கள். அதில் தெரியும் வேறுபாடு கண்ணாடியின் நிறம். பிறகு ஓர் அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் கறுப்புத் துணி ஒட்டி, பக்கத்தில் ஒரு துளையிட்டு, அரிச்சல்முனையில் சூரியன் சட்டகத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி எடுங்கள். அந்தத் துளை கறுப்பாக வராமல் எந்த அளவுக்குச் சாம்பல் நிறமாக வருகிறதோ, அதுதான் சிதறல்.

பெருக்கலால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். ஒரு விலக்கு உண்டு. நீலத்தின் கடைசிப் பகுதியை விழுங்கும் கண்ணாடியில், ஊதா கலந்த நிறங்கள் மற்றவற்றோடு சேர்ந்து முழுமையாகத் திரும்பி வருவதில்லை. மணல்மேட்டில் படரும் அடும்பின் பூவை இரண்டு லென்ஸ்களிலும் எடுத்துப் பாருங்கள். நெய்தல் பாடல்களில் வரும் அந்தப் பூவின் இளஞ்சிவப்புக் கலந்த ஊதாவில், சாம்பல் அட்டை சமமான பின்னும் சிறு மாறுபாடு எஞ்சக்கூடும். ஆல்பத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். கத்தரிப்பூ நிறப் பட்டு உடுத்திய மணமகளைப் பழைய லென்ஸில் எடுக்கும்போது மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

எனவே விற்க வேண்டாம். முதல் செலவு இரண்டு லென்ஸ்களுக்கும் பொருத்தமான ஹூட், அதாவது பக்கவாட்டு ஒளியை மறைக்கும் முகப்பு மறைப்பு. அடுத்தது, டார்ச் வெளிச்சத்தில் படலம் தெரிந்தால், பழையதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பது. அதன்பின் ஒவ்வொரு திருமணத்திலும், இடம் மாறும்போதெல்லாம், இரண்டு லென்ஸ்களிலும் அந்தச் சாம்பல் அட்டையை ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கங்கள் பொருந்திவிடும். லென்ஸ்களைத் தோல்பையில் வைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

போலரைசர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் இரண்டு லென்ஸ்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட அது கடலின் நிறத்தை அதிகம் மாற்றும் என்பது உறுதி. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் பார்வை சாயும்போது, வானத்தின் பிரதிபலிப்பை அது பெருமளவு நீக்கிவிடும். பாம்பன் பாலத்தின் மேலிருந்து ஆழம் குறைந்த வடகடலை எடுத்தால், அடித்தரையின் பச்சையும் பழுப்பும் தெரியவரும். ஆனால் மாலையில் மேற்கே சூரியனை நோக்கி எடுக்கும் உங்கள் தம்பதிப் படங்களில் அதற்கு வேலை மிகக் குறைவு. வானத்தில் அதன் விளைவு சூரியனிலிருந்து செங்கோணத்தில் உள்ள பகுதியில்தான் மிகுதி. ஒரு ஸ்டாப்புக்கும் மேல், அதாவது பாதிக்கும் மேலான ஒளியையும் அது குடித்துவிடும். காலைப் படங்கள் அதிகம் எடுப்பவர் என்றால், நல்ல பூச்சுள்ளதாக ஒன்று வாங்குங்கள். அதை மாட்டிய பின் சாம்பல் அட்டையை மறுபடி எடுக்க மறக்க வேண்டாம்.

அன்புடன்.