பேரப்பிள்ளைக்கு எதைச் சொல்வது?

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் இலங்கைப் பிள்ளையொன்றைத் தத்தெடுக்க அனுமதிக்குக் காத்திருக்கிறாள். இடப்பெயர்வில் எங்கள் படங்களெல்லாம் போய்விட்டன, பரம்பரையை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வேன்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, தாமதத்துக்குப் பயப்படாதீர்கள். நாடுவிட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கைப்படி இரு நாட்டு அதிகாரிகளும் சம்மதிக்கவேண்டும், பிள்ளையின் பிறப்பு விவரங்களையும் பாதுகாக்கவேண்டும். 1980களில் இலங்கையிலிருந்து பொய்ப் பத்திரங்களோடு வெளிநாடு போன பிள்ளைகள் பலர் இன்றும் பெற்ற தாயைத் தேடுகிறார்கள், அதனால் இந்தச் சோதனையெல்லாம் தேவைதான். சரி, படம் இல்லாவிட்டால் என்ன? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிவது, உங்கள் அம்மா பாற்சோறு கிண்டிய விதம், இடம்பெயர்ந்த பாதை எல்லாவற்றையும் உங்கள் குரலிலேயே போனில் பதிந்து வையுங்கள். பிள்ளைக்குப் பெற்றவர்களின் வேரும் உண்டு, அதை மறைக்கவேண்டாமென்று மகளிடம் இப்போதே சொல்லுங்கள்.