குழந்தைக்கு மூச்சு நின்றால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அலுவலகத்தில் சிபிஆர் (மூச்சும் இதயமும் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, வாயால் ஊதிச் செய்யும் முதலுதவி) பயிற்சி கொடுத்தார்கள். நெஞ்சை வேகமாக அமுக்கினாலே போதும், வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம் என்றார்கள். வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் ஐந்து வயதுப் பையனும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே முறைதானா?

பதில்: இல்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் திடீரென்று நிற்கிறது, அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும், அதனால் முதல் சில நிமிடங்களுக்கு அமுக்குவது மட்டுமே பலன் தரும். குழந்தைகளுக்கு முதலில் நிற்பது மூச்சு. தண்ணீரில் மூழ்குவது, தொண்டையில் எதாவது அடைப்பது, நுரையீரல் தொற்று முற்றுவது என்று ஏதோ ஒன்றால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், அதற்குப் பிறகுதான் இதயம் ஓய்கிறது. ஆகவே குழந்தைக்கு ஊதுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊத முடியாத நிலை என்றால் அமுக்குவதையாவது விடாமல் செய்யுங்கள்.

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கைக்குழந்தை என்றால் உள்ளங்காலில் தட்டிப் பாருங்கள், பிடித்து உலுக்காதீர்கள். அசைவில்லை, மூச்சும் இல்லை (விட்டுவிட்டுத் திணறுவது மூச்சுக் கணக்கில் சேராது) என்பதை 10 வினாடிக்குள் முடிவு செய்து, போனை ஸ்பீக்கரில் போட்டு ஆம்புலன்ஸை அழைத்தபடியே தொடங்குங்கள். கையில் போன் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை என்றால் முதலில் 2 நிமிடம் சிபிஆர், அப்புறம்தான் உதவி தேடிப் போவது.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நடு எலும்பின் மேல் இரண்டு கட்டைவிரல்களால் அமுக்குங்கள். கை எட்டவில்லையா, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அமுக்கலாம். இரண்டு விரல் நுனியால் அமுக்கும் பழைய முறையில் போதுமான ஆழம் கிடைப்பதில்லை என்பதால் அமெரிக்க இதயச் சங்கம் 2025 வழிகாட்டியில் அதைக் கைவிட்டுவிட்டது. ஆழம் சுமார் 4 செ.மீ., ஐந்து வயதுப் பையனுக்கு ஒரு கையாலோ இரு கையாலோ சுமார் 5 செ.மீ. அதாவது நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதும் மேலெழும்ப விடுங்கள்.

30 முறை அமுக்கியதும் 2 முறை ஊதுங்கள். கைக்குழந்தையின் தலையை அதிகம் பின்னால் சாய்க்காமல் முகம் நேராக மேலே பார்க்கும்படி வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, ஒரு வினாடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் விட்டால் போதும். பையனுக்குத் தலையைச் சற்றுச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள், எழும்பவில்லை என்றால் தலையைச் சரிசெய்து மறுபடி ஊதுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது குழந்தை மூச்சுவிடும்வரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சின்ன உடம்பு, விலா எலும்பு உடைந்துவிடாதா?

பதில்: குழந்தைகளின் எலும்பு வளைந்து கொடுக்கும், உடைவது அரிது. அப்படியே உடைந்தாலும் கூடிவிடும். எனக்கு உண்மையில் கவலை தருவது இந்தப் பயத்தால் ஆழமில்லாமல் லேசாக அமுக்குவதுதான், அது எந்தப் பலனும் தராது.

கேள்வி: தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கினால் நீர் வெளியே வரும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லை என்றால் உடனே ஊதத் தொடங்குங்கள்.

கேள்வி: தொண்டையில் எதாவது அடைத்தால் விரலை விட்டு எடுக்கலாமா?

பதில்: கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும். தெரியாமல் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். குழந்தை பலமாக இருமினால் இருமவே விடுங்கள். இருமவோ அழவோ முடியாத கைக்குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சில் 5 அமுக்கு, இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குள் இருந்தால் வயிற்றை அமுக்கவே கூடாது. நினைவிழந்தால் மேலே சொன்ன சிபிஆர்தான், ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்னும் வாய்க்குள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.