கல்லச்சில் ஒரு கால்நுனி

வணக்கம். பாலே பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு பாலே நடனக்கலைஞர் மரி தாலியோனியின் கல்லச்சுப் படங்களை, அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படங்களை, தேடிப் பார்த்தேன். பாதம் ஒரு விரல் அளவுதான் இருக்கிறது, அதுவும் தரையில் பட்டும் படாமலும். இது வெறும் புகழ்ச்சிதானே? இதை நம்பி அந்த நடனத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாதத்தைச் சிறிதாக்கித்தான் வரைந்தார்கள். சரி, ஆனால் அவர் கால்நுனியில் நின்றது பொய்யில்லை. அன்றைய பாலே செருப்பு வெறும் பட்டுத்துணி. நுனியில் நெருக்கமாக நூலோட்டித் தைத்திருப்பார்கள், இன்றுள்ளதுபோல் உள்ளே கெட்டியான தாங்கல் கிடையாது. உடம்பின் பாரம் முழுவதையும் பாதமும் கெண்டைக்காலும்தான் சுமக்க வேண்டும். 1822இல் வியன்னாவில் அரங்கேறும் முன் அப்பா ஃபிலிப்போ மகளைத் தினமும் ஆறு மணி நேரம் பயிற்சி செய்ய வைத்தார். அந்த உழைப்பில் இறுகிய கெண்டைக்காலைப் படம் மறைத்துவிடுகிறது. எனக்கும் அதில் வருத்தம் உண்டு.

ஆனால் பாவாடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லின் மேல் கொழுப்பு கலந்த கிரேயானால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். கல்லின் சொரசொரப்பு கோட்டைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைத்துவிடும். அதனால்தான் அந்த மெல்லிய துணி புகை மாதிரி நிற்கிறது. செப்புத்தகட்டில் கீறியிருந்தால் இந்த மென்மை வந்திருக்காது. அப்புறம் கைகள். தாலியோனிக்குக் கைகள் சற்று நீளம், அது தெரியாமலிருக்க அப்பா அவற்றை வளைத்தும் மடித்தும் வைக்கச் சொன்னார் என்பார்கள். அந்த வளைவுகளைப் படத்திலேயே பார்க்கலாம். ஓவியர் அவற்றைக் கற்பனையில் பிடிக்கவில்லை.

இதை ஏன் நம்ப வேண்டும் என்கிறீர்கள். 1845 ஜூலை 12 அன்று லண்டனில் தாலியோனி, கிரீசி, செரிட்டோ, கிரான் நால்வரும் ஒரே மேடையில் ‘பா த காத்ர்’ என்ற நால்வர் நடனத்தை ஆடினார்கள். அமைத்தவர் ஜூல் பெரோ. அந்த ஆண்டு நால்வரும் சேர்ந்து ஆடியது நான்கே முறை. ஆட்டத்தைப் பிடிக்கும் வேகம் அன்றைய புகைப்படக் கருவிக்கு இல்லை. பெரோவின் அசைவுகள் தொலைந்துவிட்டன. மிஞ்சியவற்றில் முக்கியமானவை புன்யியின் இசையும், ஓவியர் ஷாலோன் வரைந்த படத்தின் கல்லச்சும்.

1941இல் ஆன்டன் டோலின் அந்த நடனத்தைப் புதிதாக அமைத்தார். அதன் தொடக்கத்தில் நால்வரும் அந்தப் படத்தில் இருக்கிறபடியே நிற்கிறார்கள், நடுவில் தாலியோனி. அதற்குப் பிறகுதான் நடனம் அசையத் தொடங்குகிறது.