வாசகர் கேள்வி – பதில்: கை நிறைய ஆரி வேலை, பை நிறையவில்லையே?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே, கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைப்பாடு செய்து கொடுக்கிறேன். கல்யாண ரவிக்கை ஒன்றுக்கு 2,500 ரூபாய் வாங்குகிறேன். வேலை ஓயாமல் வருகிறது, பணம்தான் மிஞ்சவில்லை. எல்லா அளவுகளிலும் ஆரி ரவிக்கைகளைத் தைத்து வைத்து, சொந்தப் பெயரில் ஆயத்த ஆடைகளாக விற்க ஆசை. சேமிப்பு 50,000 ரூபாயையும் துணியில் போடலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: துணி வாங்கப் புறப்படுவதற்கு முன், அந்த 2,500 ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். பட்டு நூல், ஜர்தோசி, கல், முத்து எல்லாவற்றுக்கும் 600 ரூபாய் என்றும், கழுத்தும் இரண்டு கைகளும் போட்டு முடிக்க 30 மணி நேரம் என்றும் வைத்துக்கொண்டால், மிஞ்சும் 1,900 ரூபாய் மணிக்கு 63 ரூபாய்தான் ஆகிறது. பிரித்துப் போட்ட வேலையும், உறவுக்காரர்களுக்குக் குறைத்துக்கொண்ட தொகையும் இந்தக் கணக்கில் இன்னும் வரவேயில்லை. ஒரு மாதம், ஆரி சட்டத்தின் முன் உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நோட்டில் குறித்து வாருங்கள். உங்கள் விலை அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்பதிலிருந்து அல்ல.

இனி உங்கள் ஆசைக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் வேலை செய்யும்வரை, விற்காமல் தேங்கும் சரக்கு என்ற கவலை உங்களுக்கு இல்லை. தைத்து வைத்து விற்கத் தொடங்கினாலோ, 32 முதல் 42 வரை ஆறு அளவுகள், அளவுக்கு மூன்று நிறங்கள் என்று ஒரே வடிவத்துக்கு 18 ரவிக்கைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 30 மணி நேரம் என்றால் 540 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் குனிந்து உட்கார்ந்தாலும் 90 நாள். அதற்குள் ஒரு முகூர்த்த மாதமே கடந்துவிடும். ஆகவே, மன்னிக்க வேண்டும், இந்தத் திட்டத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

அதற்குப் பதிலாக, தைக்காத ஜாக்கெட் பிட்டில் பின் கழுத்துக்கும் கைகளுக்கும் மட்டும் 8 முதல் 10 மணி நேரத்தில் முடியக்கூடிய எளிய வேலைப்பாடு செய்து, துணியாகவே விற்றுப் பாருங்கள். வாங்குபவர் தம் தையல்காரரிடம் தம் அளவுக்குத் தைத்துக்கொள்வார் என்பதால் அளவுத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். வேலைப்பாட்டைச் சுற்றித் தையலுக்குத் தாராளமாக இடம் விடுங்கள். அடர்ந்த நிறத் துணியாக இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பின்னாளில் குழந்தைகளுக்கான பாவாடை சட்டையில் இறங்கினால், உள்பக்க முடிச்சுகள் உடம்பில் குத்தாதபடி லைனிங் கொடுப்பது கட்டாயம். ஒருமுறை குத்திவிட்டால் குழந்தை அந்தச் சட்டையை மறுபடி போடாது, தாயும் உங்களிடம் மறுபடி வரமாட்டார்.

முதல் சுற்றுக்கு 15,000 ரூபாய் போதும். உங்களுக்கு ஈரோடு பக்கம்தானே. செவ்வாய்க்கிழமை கூடும் ஜவுளிச் சந்தையில் மொத்த விலை விசாரித்து, நான்கைந்து நிறங்களில் மட்டும் எடுங்கள். மீதிப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். கல்யாண ஆர்டர்களை விட்டுவிட வேண்டாம். ஆனால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கி, கொடுக்கும் தேதியை ரசீதில் எழுதுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகவே செய்யக்கூடியது. அதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் உண்டு என்றாலும், முதல் சுற்றுச் சரக்கு விற்றுத் தீரும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: நானும் ஆரி வேலை செய்கிறேன். ஆன்லைனில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, தாராபுரம்

பதில்: அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய். வாடிக்கையாளரின் துணியில் வேலை செய்து கூலி வாங்குவது சேவை. அதையும் சேர்த்துச் செய்பவருக்கு வரம்பு 20 லட்சம். மின்வணிகத் தளங்கள் வழியாக, பதிவு இல்லாதவர்களும் தம் மாநிலத்துக்குள் பொருள்களை விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு. அதற்கு ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற வேண்டும். வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்புவதுதான் சிக்கல்: சில கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு இருந்தாலும், பொது விதி பதிவைக் கேட்கிறது. பெங்களூரிலிருந்து முதல் ஆர்டர் வந்தால், பார்சலைக் கட்டும் முன் ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.