சொதி வாளியும் ஒரு வியன்னா டாக்டரும்

கேளுங்க, சொல்லுதேன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 33 வயது. அப்பாவின் பாத்திரக்கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறான். கல்யாண வீட்டில் எல்லோரும் அவனைப் பற்றி விசாரித்து முடித்துவிட்டு, கடைசியாக என் பக்கம் திரும்பி, "நீ என்னடே செய்யுத?" என்கிறார்கள். இரண்டு வருஷமாக வயிறு சரியில்லை என்று சொல்லி எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. அன்றைக்கு நிஜமாகவே வயிறு படுத்தவும் செய்கிறது. நண்பன் 'உனக்கு தாழ்வு மனப்பான்மை' என்கிறான். இது வியாதியா?
- பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்ன வார்த்தையை உலகமெல்லாம் புழங்க வைத்தவர் ஆல்ஃபிரட் ஆட்லர் என்கிற வியன்னா டாக்டர். அவருக்கும் உங்களைப் போல ஒரு அண்ணன் இருந்தார். 1870ல் ஒரு தானிய வியாபாரிக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர், ரிக்கெட்ஸ் வந்து எலும்பு வலுவில்லாமல் நாலு வயது வரைக்கும் சரியாக நடக்கவில்லை. கட்டுப் போட்டு பெஞ்சில் உட்கார வைத்திருக்க, எதிரே ஓடவும் குதிக்கவும் முடிகிற அண்ணன் உட்கார்ந்திருந்ததுதான் அவருடைய முதல் ஞாபகங்களில் ஒன்று. (அண்ணன் பெயர் சிக்மண்ட். பிற்காலத்தில் ஆட்லர் சேர்ந்து, முட்டிக்கொண்டு பிரிந்த மனோதத்துவ டாக்டர் ஃபிராய்டின் பெயரும் சிக்மண்ட்தான். சிலருக்கு ஜாதகம் இப்படி!) அப்புறம் நிமோனியா வந்து பையன் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் கைவிரித்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை, செருப்புத் தைக்கிற வேலையில் சேர்த்துவிடுங்கள் என்று வாத்தியார் அப்பாவிடமே சொன்னார். அப்பா கேட்கவில்லை. பையன் பிற்பாடு அதே வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்து, 1895ல் டாக்டருக்கும் படித்து முடித்தான்.

அதனால் அவருக்குச் சிறுமை என்றால் என்னவென்று ஏட்டில் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மனிதன் பிறக்கும்போதே சின்னதாக, அடுத்தவர் தயவில் பிறக்கிறான், அதனால் 'நான் போதவில்லை' என்கிற உணர்ச்சி பசி மாதிரி எல்லோருக்கும் உண்டு, அது பின்னாலிருந்து தள்ளுவதால்தான் ஒருத்தன் நடக்கவும் படிக்கவும் கடை வைக்கவும் கிளம்புகிறான் என்றார் ஆட்லர். இதைத் தாழ்வுணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், இது வியாதி கிடையாது. 'என்னால் ஆகாது' என்று முடிவு கட்டி, அதையே காரணமாகக் காட்டி ஒவ்வொரு இடமாக ஒதுங்க ஆரம்பித்தால் அதற்குத்தான் தாழ்வு மனப்பான்மை என்று பெயர்.

இப்போது உங்கள் வயிற்றுக்கு வருவோம். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று ஆட்லர் சொல்ல மாட்டார். வலி நிஜம்தான், ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறதா என்று பார்ப்பார். தன்னிடம் வருபவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: இந்தக் கோளாறு நாளைக்கே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? எதைச் செய்வேன் என்கிறார்களோ, அதிலிருந்து தப்பிக்கத்தான் கோளாறு கைகொடுக்கிறது என்று சந்தேகப்படுவார்.

எனக்கே இது பொருந்தியது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குறுக்குத்துறையில் என் கூட்டாளிகள் எல்லாம் ஆற்றுக்குள் தலைகீழாகக் குதிப்பார்கள். எனக்கு நீச்சல் வராது. 'காதில் சீழ்' என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்கும் வாட்சுக்கும் காவல் இருந்தேன். சும்மாவா இருந்தேன்? 'முட்டு மடங்குது', 'வயித்துல அடி விழுது பாரு' என்று ஒவ்வொருத்தனுக்கும் குறை சொல்லிச் சொல்லி, நீச்சலே தெரியாமல் நீச்சல் நிபுணர் ஆகிவிட்டேன். காது ஆறின பிறகும் பஞ்சை எடுக்கவில்லை. எடுத்தால் தண்ணீரில் இறங்க வேண்டுமே!

உங்களிடமும் அதே கேள்வி. வயிறு நாளைக்கே சரியாகிவிட்டால்? கல்யாணத்துக்குப் போவீர்கள். போனால் அண்ணனோடு தராசில் ஏற வேண்டும். உங்கள் பிரச்சினை அந்தத் தராசு. மேலேறப் பார்க்கிறவன் இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்பது ஆட்லர் கணக்கு. ஒன்று, அடுத்தவனுக்கு மேலே போவது. அதற்கு முடிவே இல்லை, அண்ணனைத் தாண்டினால் அண்ணனுடைய முதலாளி நிற்பான். இன்னொன்று, நாலு பேருக்கு ஆகிற காரியத்தில் கைவைத்து அதில் தேறுவது. இதற்கு அடியில் இருக்கிற உணர்வுக்கு அவர் வைத்த ஜெர்மன் பெயர் வாயில் நுழையாது, 'நாலு பேரில் நானும் ஒருத்தன்' என்கிற நினைப்பு என்று சொன்னால் நம்ம ஊரில் போதும். மனம் சோர்ந்து வருகிறவர்களிடம், தினமும் யாராவது ஒருத்தரை எப்படிச் சந்தோஷப்படுத்தலாம் என்று யோசியுங்கள், பதினாலு நாளில் தேறிவிடலாம் என்பாராம். பதினாலு நாள் என்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது, வழி தப்பில்லை.

சரி, என்ன செய்ய? அடுத்து வருகிற கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் போங்கள். போனதும் நாற்காலியில் உட்காராதீர்கள், நேராகப் பந்திக்குப் போய் சொதி வாளியைத் தூக்குங்கள். வாளியோடு வருகிறவனிடம் யாரும் 'நீ என்ன செய்யுத' என்று கேட்பதில்லை, 'இங்க ஒரு கரண்டி ஊத்துடே' என்பார்கள். ஓரத்தில் இருக்கிற ஆச்சிக்கு இஞ்சிப் பச்சடி வரவில்லை என்று உங்கள் கண்ணில் படும். முதல் பந்தியில் கை நடுங்கும், பரவாயில்லை. மூன்றாவது பந்திக்குள் வயிற்றுக்குப் பசிதான் எடுக்கும். ஒன்று மட்டும்: தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் இந்த வாளி வைத்தியத்தை நம்பாமல் மனநல டாக்டரைப் பாருங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்கும் பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: மூத்தவள் பொறுப்பு, இளையவன் எதற்கெடுத்தாலும் போட்டி. பிறந்த வரிசைதான் குணத்தை முடிவு பண்ணும் என்கிறார்களே?
- இல்லத்தரசி, பாளையங்கோட்டை

பதில்: இதைக் கிளப்பிவிட்டதும் ஆட்லர்தான். தம்பி தங்கை வந்ததும் மூத்தது சிம்மாசனம் இழந்த ராஜா மாதிரி ஆகும், இரண்டாவது எப்போதும் பந்தயத்தில் ஓடும் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 2015ல் அமெரிக்காவில் சுமார் 3,77,000 பள்ளி மாணவர்களை வைத்துப் பார்த்த ஆய்வில், பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் இருக்கிற தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய அளவுக்குத்தான் வந்தது. வரிசையைவிட, வீட்டில் தன் இடம் என்ன என்று பிள்ளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை ஆட்லரே முக்கியமாகச் சொன்னார், அதை வசதியாக மறந்துவிடுகிறோம். 'அக்காவைப் பாரு' என்பதை ஒரு மாசம் நிறுத்திப் பாருங்களேன்.

கேள்வி: ஹாஸ்டலில் என் அறைத்தோழி எப்போதும் தன் பெருமைதான். எங்களை மட்டம் தட்டுவாள். இது உயர்வு மனப்பான்மையா?
- கல்லூரி மாணவி, திசையன்விளை

பதில்: ஆமாம், ஆனால் அது தாழ்வு மனப்பான்மை மாடி கட்டிக்கொண்ட வீடு என்பார் ஆட்லர். கீழ்த்தளம் ஆட்டம் காண்பதால்தான் மேலே இவ்வளவு சத்தம். பதிலுக்கு நீங்களும் மட்டம் தட்டினால் அவள் இன்னொரு மாடி எழுப்புவாள். அவளுக்கு நன்றாக வருகிற பாடத்தில் ஏதாவது ஒரு சந்தேகம் கேளுங்கள், நடிக்காமல், நிஜமாகவே தெரியாத ஒன்றாக இருக்கட்டும். என்ன சொன்னாள் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.