தோமானுக்குப் பெரிய ஃப்ளை வீசினால் பாதியில் விழுவது ஏன்?

கோலாலம்பூர் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில், தோமான் என்ற பெரிய விரால் வகை மீனுக்கு, 15 சென்டிமீட்டர் ஃப்ளையை (இறகு, நூல் கட்டிய செயற்கை இரை) 5-ஆம் எண் ராடில் (தூண்டில் கம்பு) வீசினால் பாதியில் விழுகிறது, முதுகிலும் அடிக்கிறது என்கிறீர்கள். முதல் காரணம் லைனின் (தூண்டில் கயிற்றின்) எடை. ஃப்ளையைச் சுமந்து போவது லைன்தான். அதன் முதல் 30 அடி 5-ஆம் எண்ணில் சுமார் 9 கிராம். 8-ஆம் எண்ணில் 13.6 கிராம். 8 அல்லது 9-க்கு மாறுங்கள். எடை முன்பக்கம் திரண்ட மிதக்கும் லைன், அதுவும் வெப்பநாட்டு வகை, வாங்குங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகி ராடின் வளையங்களில் ஒட்டும்.

லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பான லீடர் 6 அடி போதும். 40 பவுண்டு தாங்கும் நரம்பில் 3 அடி, 25-இல் 2 அடி, தோமானின் பல்லுக்காக நுனியில் 50 பவுண்டு ஃப்ளூரோகார்பன் 1 அடி. நீண்ட மெல்லிய லீடரால் வீச்சின் முடிவில் இந்த ஃப்ளையை முன்னே புரட்டிப் போட முடியாது.

இனி வீச்சு. முதுகில் அடிப்பது, பின்வீச்சில் லைன் தொய்வதால். ராடைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பின்னே கொண்டுபோய், நிறுத்தாமல் வட்டமாக மேலேற்றி, தலைக்கு மேலாக முன்னே விடுங்கள். இழுவிசை எங்கும் அறக்கூடாது. மெதுவாகத் தொடங்கி, கடைசியில் மட்டும் வேகம். லைனைக் காற்றில் முன்னும் பின்னும் ஒரு முறைக்கு மேல் ஆட்டாதீர்கள். ஒவ்வோர் ஆட்டமும் ஃப்ளைக்குக் கீழே விழ இன்னொரு வாய்ப்பு. வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் காற்று ஆபத்து, கரையை மாற்றுங்கள். கண்ணைக் காக்கக் கண்ணாடி கட்டாயம்.

மீன் கடித்ததும் ராடைத் தூக்காமல், இடக்கையால் லைனை நேராக இழுங்கள். தோமானின் வாய் கடினம்.