ரெமார்க்கின் ஒன்றரை மாதம்

வணக்கம் சார்,

முதல் உலகப் போரைப் பற்றிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' என்ற ஜெர்மன் நாவலை இப்போதுதான் படித்தேன். எழுதிய ரெமார்க் போர்முனையில் இருந்ததே ஒன்றரை மாதம்தானாம். அப்புறம் ஹாலிவுட் நடிகைகளோடு சொகுசு வாழ்க்கை. என் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். "இவனுக்குப் போரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை?" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எம்., தக்கலை

அன்புள்ள எம்.,

கணக்கு சரிதான். 1917 ஜூனில் முனைக்குப் போனார், ஜூலை 31 அன்று குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அப்போது வயது 19. ஆனால் நாவலின் கொடூரமான பக்கங்களில் பல ஆஸ்பத்திரிக் கட்டிலில்தானே நடக்கின்றன? கெம்மரிச் என்ற சிப்பாய்க்குக் காலை வெட்டி எடுத்தாயிற்று, அவனுக்கே தெரியாது. பாதம் வலிக்கிறது என்கிறான். பக்கத்தில் நிற்கும் நண்பன் முல்லருக்குக் கண்ணெல்லாம் அவனுடைய பூட்ஸின் மேல். நல்ல மெத்தென்ற தோல். முல்லர் கெட்டவன் இல்லை, அவனுக்குப் பூட்ஸ் வேண்டும், அவ்வளவுதான். பிறகு முல்லரும் சாகிறான், பூட்ஸ் கதையைச் சொல்லும் பால் பாய்மருக்கு வருகிறது. இதை எழுத எத்தனை மாதம் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று அப்பா நினைக்கிறார்?

குளச்சல் வெற்றித்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1741-ல் டச்சுக்காரர்களை வென்ற மார்த்தாண்ட வர்மாவை நமக்குத் தெரியும். பிடிபட்டு, பின்னால் திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டிலனாயின் கல்லறை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அந்தச் சண்டையில் கால் போன ஒரு சிப்பாயின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ரெமார்க் எழுதியது அந்த ஆளைப் பற்றி. அவருடைய கோபமும் சிப்பாய்களின் மேல் இல்லை; வகுப்புப் பையன்களை மொத்தமாகப் பட்டாளத்துக்குக் கிளப்பிவிட்ட கான்டோரெக் வாத்தியார் மேல்தான். அந்தப் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சொகுசு உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. மார்லீன் டீட்ரிச்சோடு காதல், 1958-ல் பாலெட் கோடார்டோடு கல்யாணம். ஆனால் அவர் ஊரைவிட்டுப் போன கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930-ல் இந்த நாவலை வைத்து எடுத்த படம் பெர்லினுக்கு வந்தபோது நாஜிக் கட்சியின் கோயபல்ஸுடைய ஆட்கள் தியேட்டருக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள். அடுத்த சில நாட்களில் தடை செய்யப்பட்டது படம்தான், கலாட்டா செய்தவர்கள் அல்ல. 1933-ல் புத்தகத்தை எரித்தார்கள், 1938-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். ரெமார்க் நாஜிகளின் கைக்கு எட்டவில்லை. தங்கை எல்ஃப்ரீடே எட்டினார். தையல் வேலை செய்துகொண்டிருந்தவர். ஜெர்மனி தோற்றுவிட்டது என்று பேசியதற்காக 1943 டிசம்பரில் தலையை வெட்டினார்கள். அதற்கான செலவு 495 மார்க் 80 ஃபெனிக் என்று இன்னொரு சகோதரிக்கு பில் வேறு போனது. ரெமார்க்குக்கு விஷயம் தெரிந்ததே போர் முடிந்த பிறகுதான். 1952-ல் வந்த 'ஸ்பார்க் ஆஃப் லைஃப்' நாவலைத் தங்கைக்குச் சமர்ப்பித்தார். ஜெர்மன் பதிப்பில் அந்தச் சமர்ப்பணம் இல்லை.

அடுத்து 'த ரோடு பேக்' படியுங்கள், 1931-ல் வந்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களின் கதை. அப்பாவிடமும் கொடுத்துப் பாருங்கள், என்னைவிட அவருக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும்.